எழுதாத நேரத்தின் வேலை

1885-ஆம் ஆண்டு, ஃபிலடெல்ஃபியாவின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் சைலஸ் வியர் மிட்செலிடம் ஓவன் விஸ்டர் என்ற இளைஞர் போனார். ஹார்வர்டில் இசை படித்தவர். இசையமைப்பாளராக வேண்டும் என்ற ஆசைக்குத் தந்தை இடம் கொடுக்காததால் பாஸ்டனில் ஒரு நிதி நிறுவனத்தில் விருப்பமில்லாத வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பும் மனசும் ஒருசேரத் தளர்ந்துபோயிருந்தன. மிட்செல் சொன்ன மருந்து ஒரு பயணம். மேற்கே வயோமிங்குக்குப் போ, குதிரை ஏறு, வேட்டையாடு, வெட்டவெளியில் தூங்கு என்றார். விஸ்டர் அந்தக் கோடையில் போனார். பிறகும் பலமுறை போனார். பார்த்ததையும் கேட்டதையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்தப் பயணங்களிலிருந்துதான் 1902-இல் ‘தி வர்ஜீனியன்’ நாவல் வந்தது. கௌபாய்க் கதைகள் என்று இன்று நாம் அறிகிற வகைக்கே அஸ்திவாரம் போட்ட நாவல் அது.

விஸ்டர் போன இரண்டு ஆண்டுக்குள், 1887-இல், அதே மருத்துவரிடம் ஒரு பெண் வந்தார். பின்னாளில் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் என்று உலகம் அறிந்த எழுத்தாளர். மகள் பிறந்த பிறகு தொடங்கிய மனச்சோர்வு அவரை விடாமல் வாட்டிக்கொண்டிருந்தது. மிட்செல் அவருக்குத் தம் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட ‘ஓய்வுச் சிகிச்சை’யைக் கொடுத்தார். படுக்கை, தனிமை, வேளாவேளைக்குக் கொழுத்த சாப்பாடு, உடம்பு பிடித்துவிடுதல். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன அறிவுரைதான் கொடுமை. முடிந்த மட்டும் வீட்டுக்குள்ளேயே வாழ வேண்டும், குழந்தை எந்நேரமும் கூடவே இருக்க வேண்டும், அறிவு சார்ந்த எதிலும் நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈடுபடக் கூடாது, பேனாவையும் தூரிகையையும் ஆயுள் உள்ளவரை தொடவே கூடாது. கில்மன் அதை மூன்று மாதம் கடைப்பிடித்தார். மனம் முற்றிலும் சிதறிப்போகும் விளிம்புவரை போனதாகப் பின்னர் எழுதினார். அறிவுரையைத் தூக்கிப்போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகே மீண்டார். 1892-இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ என்ற சிறுகதை அந்த மூன்று மாதத்தின் பயன். அதன் பிரதி ஒன்றை மருத்துவருக்கும் அனுப்பினார், பதில் வரவில்லை.

மிட்செல் முட்டாள் இல்லை. அவரே நாவல்களும் கவிதைகளும் எழுதியவர். ஆனாலும் ஆணுக்கு வெட்டவெளி, பெண்ணுக்குப் படுக்கை என்ற அந்தக் காலத்து நம்பிக்கை அவருடைய மருத்துவத்தை ஆண்டது. ஒரே மருத்துவர், எழுத்தாளர்கள் இருவர், இரண்டு விதமான ஓய்வு. ஒன்று நாவலைத் தந்தது, மற்றொன்று உயிரை வாங்கப் பார்த்தது. எழுதுகிறவருக்கு எது ஓய்வு என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

களைத்துப்போன எழுத்தாளரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது, கொஞ்ச நாள் எதுவும் செய்யாமல் சும்மா இருங்கள் என்பதுதான். அன்போடு சொல்லப்படுகிற இந்த அறிவுரையில் மிட்செலின் தவறு பாதி ஒளிந்திருக்கிறது. களைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஆளை மொத்தமாக அணைத்துவைக்கச் சொல்கிறது அது.

களைப்பு எங்கே இருக்கிறது என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிற விஷயம். மனவுறுதி ஒரு சேமிப்பு, செலவழித்தால் தீரும் என்று 1998-இல் ராய் பாமெய்ஸ்டரும் சகாக்களும் முன்வைத்த கருத்து பல ஆண்டுகள் பாடநூல்களில் கோலோச்சியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மறுபடி சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய காணாமல் போனது. 2022-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் வேறு வழியில் வந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை செய்தவர்களுக்கு, முன்மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுவதைக் கண்டார்கள். அதே நேரம் எளிய வேலை செய்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. கவனத்தைக் கட்டிப்பிடித்து நிறுத்துகிற, இதை எடு அதை விடு என்று தீர்மானிக்கிற பகுதி அது. ஒரு வாக்கியத்தைப் பலமுறை அடித்து எழுதுகிறவர் நாள் முழுக்க அதைத்தான் வேலை வாங்குகிறார். இந்த ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் எழுதுகிறவர்கள் சொந்த அனுபவத்தில் அறிந்ததோடு அது ஒத்துப்போகிறது. அலுத்துப்போவது தேர்ந்தெடுக்கும் திறன்தான். கால் நடக்கத் தயாராக இருக்கும், கை தோட்டம் கொத்தத் தயாராக இருக்கும், காது பாட்டுக் கேட்கக் காத்திருக்கும்.

வேலையிலிருந்து மீள்வது எப்படி என்பதைத் தம் வாழ்நாள் ஆய்வாகவே எடுத்துக்கொண்டவர் ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சொன்னென்டாக். அவரும் சார்லட் ஃப்ரிட்ஸும் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, மீட்சி தரும் அனுபவங்களை நான்காகப் பிரிக்கிறது. மனத்தளவில் வேலையை விட்டு விலகியிருப்பது, உடலும் மனமும் தளர்ந்து இளைப்பாறுவது, வேறு ஒன்றைக் கற்றுக் கைவரப்பெறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. விஸ்டருக்கு நான்கும் கிடைத்தன. கில்மனுக்குப் படுக்கை கிடைத்தது, இளைப்பாறல்கூடக் கிடைக்கவில்லை, கற்பதற்கு ஒன்றுமில்லை, நேரம் முழுக்க இன்னொருவர் கையில் இருந்தது, எழுதாதே என்ற தடையால் எழுத்தின் நினைவு முன்னைவிட அதிகமாக அவரைப் பிடித்துக்கொண்டது.

இங்கே இன்னொரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். ஓய்வு என்ற பெயரில் நாம் செய்கிற காரியங்களில் பெரும்பகுதி காத்திருப்பு. மனநிலை வரட்டும், பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்திருப்பது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1983-இல் எழுத முடியாமல் திணறிக்கொண்டிருந்த 27 கல்வியாளர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழு அவசரம் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. இன்னொரு குழு மனம் வந்தால் எழுதலாம். மூன்றாவது குழு குறித்த நேரத்தில் எழுதியே தீர வேண்டும். எழுதாவிட்டால் தமக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்கு நன்கொடை போய்விடும். கட்டாயத்தில் எழுதியவர்கள் நாளுக்குச் சராசரியாக மூன்று பக்கத்துக்கு மேல் எழுதினார்கள். மனம் வந்தபோது எழுதியவர்கள் ஒரு பக்கம்கூட எட்டவில்லை. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது புதிய யோசனைகளின் கணக்கு. கட்டாயக் குழுவுக்கு நாளுக்கு ஒன்று, மனநிலைக் குழுவுக்கு இரண்டு நாளுக்கு ஒன்று, எழுதாமல் இருந்தவர்களுக்கு ஐந்து நாளுக்கு ஒன்று. ஒதுங்கியிருந்தால் யோசனை ஊறும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி. சின்னச் சோதனைதான், பங்கேற்றவர்களும் கதை எழுதுகிறவர்கள் அல்லர். இருந்தாலும் காத்திருப்பை ஓய்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு எனக்கு இது போதும்.

அப்படியானால் விலகியிருக்கும்போது யோசனை வருகிறது என்று காலங்காலமாகச் சொல்லப்படுவது பொய்யா? இல்லை. ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை ஆன்ரி புவான்கரே 1908-இல் பாரிஸில் ஆற்றிய உரையில் இதைத் தம் அனுபவமாகவே விளக்கினார். நாட்கணக்கில் மேசையில் போராடிய ஒரு கணக்கை மறந்து, நிலவியல் சுற்றுலா ஒன்றுக்குப் போயிருந்தார். கூட்டான்ஸ் என்ற ஊரில் வண்டியில் ஏறக் காலை எடுத்து வைத்த கணத்தில் விடை மின்னியது. வண்டியில் பேச்சு தொடர்ந்தது. அவர் அதைச் சரிபார்க்கக்கூட இல்லை, அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். புவான்கரே நிறுத்தவில்லை. பலன் தராதது போலத் தோன்றிய அந்த முந்தைய நாட்களின் உழைப்பு இல்லாவிட்டால் இந்த மின்னல் இல்லை என்று அழுத்தியே சொன்னார். 1926-இல் கிரஹாம் வாலஸ் எழுதிய ‘சிந்தனைக் கலை’ நூல், படைப்பை நான்கு கட்டமாகப் பார்த்தது: ஆயத்தம், அடைகாப்பு, வெளிச்சம், சரிபார்ப்பு. அடைகாப்பு இரண்டாவது இடத்தில் இருக்கிறது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

2009-இல் உட் நா சியோ, தாமஸ் ஆர்மரோட் இருவரும் அடைகாப்பு குறித்த 117 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். இடைவெளி உண்மையில் உதவுகிறது. முன்னால் செய்த உழைப்பு நீண்டதாக இருந்தால் இன்னும் அதிகமாக உதவுகிறது. சொல் சார்ந்த புதிர்களுக்கு, வெறுமனே உட்கார்ந்திருப்பதைவிட மூளையை அதிகம் பிழியாத ஒரு சின்ன வேலையில் ஈடுபடுவது கூடுதல் பலன் தருகிறது. கீரை ஆய்வது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள். இவற்றை எழுத்தின் எதிரிகளாகவே நாம் பேசி வந்திருக்கிறோம். மூன்று வேளைச் சமையலும் ஒருவர் தலையிலேயே விழுந்தால் அவை எதிரிகள்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அளவோடு, தானே விரும்பிச் செய்தால் அவை வேறாகிவிடுகின்றன.

எழுத்தாளர்களை நேரடியாக ஆராய்ந்த ஒரு வேலையும் உண்டு. ஷெல்லி கேபிள், எலிசபெத் ஹாப்பர், ஜோனதன் ஸ்கூலர் மூவரும் 2019-இல் வெளியிட்டது. தொழில்முறை எழுத்தாளர்களும் இயற்பியலாளர்களும், அன்றைக்கு வந்த மிக நல்ல யோசனை எது, அது வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று இரவுதோறும் பதிவு செய்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு யோசனைகள், வேலையை விட்டு வேறு எதையோ செய்துகொண்டு, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தபோது வந்தவை. மீதிப் பெரும்பகுதி அப்படி வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு குணம் இருந்தது. எங்கோ முட்டிக்கொண்டு நின்ற இடத்தை உடைத்துக்கொண்டு போக வைத்தவை அவற்றில் அதிகம். நாவலின் பதினோராவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு இது புரியும். அந்த இடத்தில் இன்னொரு மணி நேரம் உட்காருவதால் பயன் இருக்காது. எழுந்து போவதால் இருக்கலாம்.

எழுந்து எங்கே போவது? எழுத்தாளருக்கு மட்டும் உரிய சிக்கல் இங்கேதான் வருகிறது. தச்சர் மரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எழுதுகிறவரின் மூலப்பொருள் சொல். அது அவரை விட்டுப் போவதில்லை. பேச்சு, பத்திரிகை, கைப்பேசி, நண்பர்களின் இலக்கியச் சர்ச்சை எல்லாமே சொல்தான். மாலையில் இளைப்பாறுவதற்காக முகநூலைத் திறக்கிறவர், காலையில் களைத்த அதே உறுப்பை மறுபடி வேலைக்கு அனுப்புகிறார். இதைப் படி, அதை விடு, இதற்குப் பதில் சொல், அதைப் பொறுத்துக்கொள் என்று தேர்ந்தெடுக்கும் வேலை ஓய்வதே இல்லை. அதனால் எழுத்தாளரின் ஓய்வு கூடிய மட்டும் சொல்லற்றதாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. பெரிய எழுத்தாளர்களின் வாழ்க்கையைப் பார்த்தால் இதை அவர்கள் எந்த ஆய்வும் இல்லாமலே கண்டுகொண்டிருந்தது தெரிகிறது.

1924-இல் பெரு நாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ரவீந்திரநாத் தாகூர் உடல்நலம் குன்றி ஆர்ஜென்டினாவில் இறங்க நேர்ந்தது. புவெனஸ் அயர்ஸுக்கு அருகே சான் இசித்ரோவில், எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகச் சில வாரங்கள் தங்கினார். அப்போது ‘பூரபி’ தொகுப்பின் கவிதைகள் எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தக் கையெழுத்துப் பிரதியின் பக்கங்கள் இன்று புகழ்பெற்றவை. தாகூர் அடித்த சொற்களை அடித்ததோடு விடவில்லை. ஓர் அடித்தல் கோட்டை அடுத்த வரியின் அடித்தலோடு இணைத்தார். கோடுகள் தடித்து, வளைந்து, ஒன்றோடொன்று பின்னி, நீண்ட அலகுள்ள பறவையாகவும் பெயரில்லாத விலங்காகவும் எழுந்தன. தப்பிப் பிழைத்த கவிதை வரிகள் அந்த உருவங்களுக்கு நடுவே, கரைகளுக்கு இடையில் ஓடும் வாய்க்கால்களாகத் தெரிகின்றன. சொல் தோற்ற இடத்தில் கை வேறு வேலையைத் தொடங்கிவிட்டது. ஒகாம்போ அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து வியந்தார். 1930 மே மாதம் பாரிஸில் தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடக்க அவரே ஏற்பாடு செய்தார். அப்போது தாகூருக்கு வயது 69. மீதமிருந்த ஆண்டுகளில் வரைந்தவற்றையும் சேர்த்தால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அந்த ஆண்டுகளில் அவர் எழுதுவதை நிறுத்தவும் இல்லை. அறுபது ஆண்டு சொல்லோடு வாழ்ந்தவருக்குக் கோடு கொடுத்த விடுதலை என்று இதைப் பார்க்கிறேன்.

விளாதிமிர் நபக்கோவின் விலகல் இன்னும் கறாரானது. 1942 முதல் 1948 வரை ஹார்வர்டின் ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில் பட்டாம்பூச்சி ஆய்வாளராக இருந்தார். நீலச் சிறகுகள் கொண்ட சின்னஞ்சிறு இனங்களின் உறுப்புகளை நுண்ணோக்கியில் மணிக்கணக்கில் பார்த்து வகை பிரித்தார். கண்பார்வை கெடும் அளவுக்கு. கோடைதோறும் மனைவி வேரா கார் ஓட்ட, அமெரிக்க மேற்கின் மலைகளில் வலையோடு அலைந்தார். ‘லோலிடா’வின் பெரும்பகுதி அந்தப் பயணங்களில், சிறு அட்டைகளில் எழுதப்பட்டது. அந்த நீலப் பூச்சிகள் ஆசியாவிலிருந்து பெரிங் நீரிணை வழியாக ஐந்து அலைகளாக அமெரிக்கக் கண்டங்களுக்கு வந்திருக்க வேண்டும் என்று 1945-இல் அவர் ஊகித்தார். 2011-இல் ஹார்வர்டின் நவோமி பியர்ஸ் குழு மரபணுச் சோதனையில் அதையே உறுதிசெய்தது. இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னென்டாக் மூன்றாவதாகச் சொன்ன ‘கைவரப்பெறுதல்’ இதுதான். எழுத்தில் தடுமாறும் நாளிலும் இன்னொரு துறையில் ஒன்று சரியாக அமைகிறது என்ற நிறைவு, ஆளை நிமிர்த்திவைக்கிறது.

நம் தி. ஜானகிராமனுக்கு அந்த இடத்தில் கர்நாடக இசை இருந்தது. முறையாகவே பாட்டுக் கற்றவர். கி. ராஜநாராயணனுக்கும் இசைப் பித்து உண்டு, போதாததற்கு இடைசெவல் கரிசல் மண்ணின் விவசாயமும் இருந்தது. இசை அவர்கள் எழுத்துக்குள் எப்படி வந்தது என்று நிறையப் பேசியிருக்கிறோம். எழுதாத நேரத்தில் அது அவர்களுக்கு என்ன செய்தது என்பதை யாரும் போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு ராகத்தைக் கவனித்துக் கேட்கிறவருடைய மனம் முழுமையாக வேலை செய்கிறது, ஆனால் ஒரு சொல்லையும் அது தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

நடையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. டிக்கன்ஸ் பகல் இரண்டு மணிவரை எழுதிவிட்டு லண்டன் தெருக்களில் மணிக்கணக்கில் நடந்தவர். 2014-இல் ஸ்டான்ஃபோர்டின் மேரிலி ஒப்பெட்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் நடத்திய நான்கு சோதனைகளில், நடக்கும்போது புதுப்புது யோசனைகளைச் சொல்லும் திறன் உட்கார்ந்திருக்கும்போது இருந்ததைவிடச் சராசரியாக 60 சதவீதம் கூடியது. வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தாலும் கூடியது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் நீடித்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேடிப் பிடிக்கும் புதிர்களில் நடை உதவவில்லை, கொஞ்சம் கெடுத்தது. கதை எங்கே போக வேண்டும் என்று தெரியாதபோது நடக்கலாம். மெய்ப்புத் திருத்த மேசைதான் சரி.

அந்த நடை எங்கே என்பதும் கணக்கில் உண்டு. 2008-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரில் ஒரே ஆட்களை ஒரு முறை மரத்தோட்டம் வழியாகவும் இன்னொரு முறை நகரத் தெரு வழியாகவும் நடக்கவைத்துச் சோதித்தார்கள். தோட்டத்தில் நடந்தபோது அவர்களின் நினைவும் கவனமும் தெளிந்தன. தெருவில் நடந்தபோது அவ்வளவு இல்லை. தெருவில் ஒவ்வொரு கணமும் வண்டியைக் கவனித்து விலக வேண்டும், பலகையைப் படிக்க வேண்டும். மரம் எதையும் கேட்பதில்லை. ஸ்டீவன், ரேச்சல் கப்லன் தம்பதியர் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த கோட்பாடு இது. சென்னையிலோ மதுரையிலோ நடைபாதை இல்லாத சாலையில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே நடக்கிறவர் நடையின் பலனைப் பாதிதான் பெறுகிறார். இரவு நேரத்தில் தனியே நடக்கத் தயங்க வேண்டியிருக்கிற பெண்ணுக்கு அந்தப் பாதியும் இல்லை. டிக்கன்ஸைப் போல நடங்கள் என்று அவரிடம் சொல்வதற்கு முன்னால் நாம் யோசிக்க வேண்டும். மொட்டைமாடி இருந்தால் அது போதும். வெற்றுச் சுவரைப் பார்த்த நடையே பலித்திருக்கிறதே.

தூக்கம் பற்றி இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன். 2004-இல் ஜெர்மனியின் லூபெக்கில் யான் போர்ன் குழு, ஒளிந்திருக்கும் குறுக்குவழி ஒன்றைக் கொண்ட எண் புதிரைக் கொடுத்தது. இரவு எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களில் 59 சதவீதத்தினர் அந்தக் குறுக்குவழியைக் கண்டார்கள். விழித்திருந்தவர்களில் 23 சதவீதம். 2021-இல் பாரிஸில் செலியா லகோ, டெல்ஃபின் உடியெட் குழு, எடிசன் கையாண்டதாகச் சொல்லப்படும் உத்தியைச் சோதித்தது. இருட்டறையில் சாய்வு நாற்காலி, கையில் எடை குறைந்த ஒரு பொருள், இருபது நிமிட நேரம். கண் அசந்து பிடி தளர்ந்தால் பொருள் கீழே விழும். சத்தத்தில் விழிப்பு வரும். தூக்கத்தின் முதல் வாசலில் பதினைந்து நொடியாவது நின்றவர்களில் 83 சதவீதத்தினர் புதிரை உடைத்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 31 சதவீதம். அதைத் தாண்டி ஆழ்ந்த தூக்கத்துக்குள் போனவர்கள் மிகவும் பின்தங்கினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் பத்து நிமிடம் கண் அயரும் பழக்கத்தைச் சோம்பல் என்று திட்டியவர்களுக்கு இது பதில்.

இதுவரை சொன்ன எல்லா ஆய்வுக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. எழுத்து ஒருவருடைய வேலை, ஓய்வு வேலைக்கு வெளியே இருக்கிறது என்பது அது. தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது பொருந்தாது. ஜானகிராமன் பள்ளி ஆசிரியர், பிறகு வானொலி அலுவலர். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. வண்ணதாசன் வங்கியில், நாஞ்சில் நாடன் பம்பாயில் விற்பனைப் பிரதிநிதியாக. அசோகமித்திரன் தியாகராய நகரில் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். இவர்களுக்கு எழுத்து, சம்பள வேலையிலிருந்து மீளக் கிடைத்த நேரத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. ஓய்வு நேரம் முழுவதையும் எழுத்துக்குக் கொடுத்துவிட்ட பிறகு எழுத்தின் களைப்புக்கு ஓய்வு எங்கிருந்து வரும்? அலுவலகக் களைப்புக்கு எழுத்து மருந்தாகிறது என்பது உண்மை. சொன்னென்டாக்கின் மூன்றாவது வகைக்கு அது நல்ல உதாரணம்கூட. ஆனால் நாவல் போன்ற நீண்ட வேலையில் அந்த மருந்தே இரண்டாவது அலுவலகமாகிவிடுகிறது. வேலை, வீடு, எழுத்து என்று மூன்று பணிநேரம் பார்க்கிற பெண்களுக்கு இது இன்னும் கடுமை. தமிழில் பல நல்ல எழுத்தாளர்கள் இரண்டு தொகுப்போடு நின்றுபோனதற்குத் திறமை வற்றியதைக் காரணம் சொல்கிறோம். அவர்கள் களைத்துப்போயிருக்கலாம் என்று ஏன் நினைப்பதில்லை?

இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் செய்யக்கூடியதில் முக்கியமானது நிறுத்துகிற முறை. ஹெமிங்வே 1958-இல் ‘பாரிஸ் ரிவ்யூ’ நேர்காணலில் சொன்னது எழுதுகிறவர்கள் பலருக்கும் தெரியும். அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிடுவார். மறுநாள் காலைவரை அதை யோசிக்காமல் இருக்கப் பாடுபடுவார். கிணற்றை ஒட்ட இறைக்காமல் ஊற விடுவது என்பது அவர் வேறிடத்தில் பயன்படுத்திய உவமை. இதற்கும் ஆய்வில் ஓர் ஆதாரம் உண்டு. 2011-இல் இ. ஜே. மாசிகாம்போவும் பாமெய்ஸ்டரும் செய்த சோதனைகளில், முடியாத வேலை மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. அதை எப்போது, எப்படி முடிப்பது என்று ஒரு திட்டம் எழுதிவைத்தவர்களுக்கு அந்தக் குடைச்சல் நின்றது. வேலை முடியவில்லை, ஆனாலும் மனம் விட்டுக்கொடுத்தது. இரவு பதினொரு மணிக்கு நோட்டை மூடுகிறவர் கடைசி இரண்டு நிமிடத்தில், நாளை எந்த வரியிலிருந்து தொடங்கப்போகிறோம் என்று ஓரத்தில் குறித்துவைத்தால், படுக்கைக்குக் கதையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எனக்கு இது பலிக்கிறது. கைப்பேசியை வேறு அறையில் வைப்பதும் பலிக்கிறது, கஷ்டப்பட்டு.

இனி நீண்ட இடைவெளிகள். கவிஞர் ரில்கே 1912-இல் டுயீனோ கோட்டையில் தொடங்கிய இரங்கற்பாக்களை 1922 பிப்ரவரியில்தான் ஸ்விட்சர்லாந்தின் மியூஸோ வீட்டில் முடித்தார். அதே சில வாரங்களில் ஆர்ஃபியஸ் சானெட்டுகள் முழுவதையும் எழுதினார். பத்து ஆண்டும் அடைகாப்புதான் என்று வியப்பது சுலபம். நடுவில் ஓர் உலகப் போரும் ராணுவச் சேவையும் ஆழ்ந்த மனச்சோர்வும் இருந்தன. எல்லா மௌனமும் ஓய்வல்ல.

நம் காலத்தில் இதற்குச் சாட்சி பெருமாள்முருகன். ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்புகளுக்குப் பிறகு 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. அந்த ஒன்றரை ஆண்டு அவருக்கு எழுத்திலிருந்து விடுப்பு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். நேரம் இருந்தது, அது அவர் கையில் இல்லை. அந்தக் காலத்தில் அவர் எழுதிய கவிதைகள் ‘கோழையின் பாடல்கள்’ என்று 2016 ஆகஸ்டில் வந்தன. அடங்கிக்கிடந்தவரை மீட்டது ஓய்வு அல்ல, எழுத்துதான். கில்மனுக்கு நடந்ததும் இதுவே. வெளியிலிருந்து திணிக்கப்பட்ட அமைதிக்கு எழுத்தாளரின் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்கிறது, ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டு இடைவெளியிலும்.

ஆகவே எழுத்தாளருக்கு ஓய்வு கொடுப்பது என்பது அவருடைய நேரத்தை அவரிடமே கொடுப்பது. இதை ஒரு நிறுவனமாகவே செய்துகாட்டிய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இசையமைப்பாளர் எட்வர்ட் மக்டவலும் மனைவி மரியனும் 1907-இல் தொடங்கிய மக்டவல் குடியிருப்பு இன்றும் நடக்கிறது. காட்டுக்குள் தனித்தனிக் குடில்கள். மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்துக் குடிலின் வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். எப்போது சாப்பிடுவது, எழுதுவதா தூங்குவதா நடப்பதா என்பதெல்லாம் உள்ளே இருப்பவர் முடிவு. ஜேம்ஸ் பால்ட்வின் அங்கே தங்கி எழுதியிருக்கிறார். அங்கே தங்குபவர்களிடம் இத்தனை பக்கம் எழுதிக் காட்டு என்று யாரும் கேட்பதில்லை.

தமிழக அரசு 2021-இல் ‘கனவு இல்லம்’ திட்டத்தை அறிவித்தது; ஞானபீடம், சாகித்ய அகாதெமி போன்ற விருதுகளைப் பெற்ற எழுத்தாளர்களுக்கு வீடு. மனமார வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் விருது எழுபது வயதில் வருகிறது. நாற்பது வயதில் முதல் நாவலின் நடுவில் நிற்கிறவருக்கு வேண்டியது மூன்று மாதம், ஓர் அறை, தான் சமைக்காத மூன்று வேளைச் சாப்பாடு, சம்பளம் பிடிக்காத விடுப்பு. ஏலகிரியிலோ சிறுமலையிலோ நாலைந்து அறைகள் போதும் தொடங்குவதற்கு. பல்கலைக்கழகங்களிடம் பயன்படாத விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன, அரசுத் துறைகளிடமும் இருக்கின்றன. வருகிறவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். குழந்தையோடு வர வேண்டியவர்களுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் அங்கேயே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்த அறையும் இன்னொரு சமையலறையாகிவிடும்.